நிரல் நிற்கவில்லையா? முதலில் நிறுத்தப்புள்ளியைச் சோதியுங்கள்

2008 டிசம்பர் 31. மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் ‘ஸூன்’ என்ற கையடக்கப் பாட்டுக் கருவியை வைத்திருந்தவர்கள் அன்று காலை அதைத் திறந்தார்கள். தொடக்கத் திரை வந்தது. அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. எந்தப் பொத்தானை அழுத்தியும் பயனில்லை. ஒருவருடைய கருவி மட்டும் இப்படி ஆகவில்லை. 30 ஜிகாபைட் கொள்ளளவு கொண்ட முதல் தலைமுறைக் கருவிகள் எல்லாம் ஒரே நாளில் உறைந்து நின்றன.

நிறுவனம் சொன்ன தீர்வு வேடிக்கையானது. மின்கலம் முழுவதும் தீரும்வரை விட்டுவிடுங்கள். ஜனவரி 1-ஆம் நாள் நண்பகலுக்குப் பிறகு மீண்டும் மின்னேற்றித் திறங்கள். அப்படியே செய்தார்கள். கருவிகள் ஒன்றும் நடக்காததுபோல் வேலை செய்தன.

காரணம் வைரஸ் அல்ல. உள்ளே இருந்த கடிகார நிரலில் ஒரு சிறு தவறு. அந்தத் தவறை உங்கள் கணினியிலேயே எழுதி, அது எங்கே ஒளிந்திருக்கிறது என்று நீங்களே பிடிக்கலாம். அதற்கு உதவுவது ‘நிபந்தனையுள்ள நிறுத்தப்புள்ளி’ என்ற கருவி. ஆனால் அந்தக் கருவியையும் சோதித்துப் பார்த்த பிறகுதான் நம்ப வேண்டும். ஏன் என்பதைப் பார்ப்போம்.

தவறு எங்கே?

அந்தக் கடிகாரம் 1980 ஜனவரி 1-ஐ முதல் நாளாகக் கொண்டு நாள்களை எண்ணியது. 2008 டிசம்பர் 31 என்பது 10593-ஆவது நாள். இந்த எண்ணிலிருந்து ‘இது எந்த ஆண்டு?’ என்று கண்டுபிடிக்க வேண்டும். நிரலின் சாரத்தைத் தமிழில் எழுதினால் இப்படி இருக்கும்:

1. ஆண்டு 1980 எனத் தொடங்கு.
2. நாள்கள் 365-ஐவிட அதிகமாக இருக்கும்வரை கீழே உள்ளவற்றைத் திரும்பத் திரும்பச் செய்.
3. ஆண்டு, லீப் ஆண்டா என்று பார்.
4. லீப் ஆண்டு என்றால், நாள்கள் 366-ஐவிட அதிகமா என்று பார். அதிகம் என்றால் 366-ஐக் கழி. ஆண்டுடன் 1 கூட்டு.
5. லீப் ஆண்டு இல்லை என்றால், 365-ஐக் கழி. ஆண்டுடன் 1 கூட்டு.

படித்துப் பார்த்தால் சரியாகத்தான் தோன்றுகிறது, இல்லையா? இப்போது 10593-ஐக் கொடுத்துப் பாருங்கள். 1980 முதல் 2007 வரை 28 ஆண்டுகள். அவற்றில் 7 லீப் ஆண்டுகள். மொத்தம் 10227 நாள்கள். அவற்றைக் கழித்தால் மிச்சம் 366. ஆண்டு 2008.

இரண்டாம் படி கேட்கிறது: 366 என்பது 365-ஐவிட அதிகமா? ஆம், உள்ளே போ. மூன்றாம் படி: 2008 லீப் ஆண்டா? ஆம். நான்காம் படி: 366 என்பது 366-ஐவிட அதிகமா? இல்லை. எனவே எதையும் கழிக்காதே. மீண்டும் இரண்டாம் படிக்குப் போ. அங்கே இன்னும் அதே 366. மீண்டும் உள்ளே போ. இப்படியே சுற்றிக்கொண்டிருக்கும். இதுதான் முடிவில்லாச் சுழற்சி.

மறுநாள் எண்ணிக்கை 10594. மிச்சம் 367. அது 366-ஐவிட அதிகம் என்பதால் கழிக்கப்படுகிறது; மிச்சம் 1, ஆண்டு 2009. நிரல் நலமாக முடிகிறது. கருவிகள் மறுநாள் தாமாகவே பிழைத்துக்கொண்டதன் இரகசியம் இதுதான்.

ஸூன் 2006 நவம்பரில் விற்பனைக்கு வந்தது. 2006-உம் 2007-உம் லீப் ஆண்டுகள் அல்ல. அந்தக் கருவி தன் வாழ்நாளில் சந்தித்த முதல் ‘366-ஆவது நாள்’ 2008 டிசம்பர் 31-தான். ஈராண்டு ஒழுங்காக வேலை செய்தது, தவறு இல்லை என்பதற்குச் சான்றாகாது. தவறைத் தொடும் நாள் அதுவரை வரவில்லை, அவ்வளவுதான்.

நிரலை நடுவில் நிறுத்துவது எப்படி?

மேலே நாம் தாளில் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்தோம். நிரல் பெரிதானால் அது முடியாது. அப்போதுதான் டீபக்கர் என்னும் பிழைதேடும் கருவி உதவும். நிரலின் ஒரு வரியில் நிறுத்தப்புள்ளி வைத்தால், நிரல் அந்த வரிக்கு வந்ததும், அதைச் செய்வதற்கு முன்பு, நின்றுவிடும். அந்த நொடியில் ஒவ்வொரு மாறியிலும் என்ன மதிப்பு இருக்கிறது என்று நிதானமாகப் பார்க்கலாம். பிறகு ‘தொடர்’ என்று சொல்லலாம்.

‘பிரேக்பாயிண்ட்’ என்ற ஆங்கிலப் பெயருக்கு ஒரு வரலாறு உண்டு. 1946-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் எனியாக் என்ற கணினி அறிமுகமானது. அதில் நிரல் என்பது தட்டச்சு செய்த வரிகள் அல்ல; பலகைகளுக்கிடையே செருகப்பட்ட கம்பி வடங்கள். ஒரு வடத்தைப் பிடுங்கினால் நிரலின் ஓட்டம் அந்த இடத்தில் உடையும். அங்கே நின்று பார்க்கலாம். இந்த உத்தியை உருவாக்கிய பெருமை எனியாக்கின் ஆறு பெண் நிரலாளர்களில் ஒருவரான பெட்டி ஹோல்பர்ட்டனுக்கு உரியது.

இன்று வடம் பிடுங்க வேண்டியதில்லை. விஷுவல் ஸ்டூடியோ கோட் போன்ற மென்பொருளில் வரி எண்ணுக்கு இடப்பக்கம் சொடுக்கினால் ஒரு சிவப்புப் புள்ளி வரும். நமது நிரலின் மூன்றாம் படியில் புள்ளி வைத்து 10593-ஐக் கொடுங்கள். நிரல் 1980-இல் நிற்கும். எஃப்5 விசையை அழுத்தினால் 1981-இல் நிற்கும். மறுபடி அழுத்தினால் 1982. இப்படி 29-ஆவது முறை நிற்கும்போதுதான் நமக்கு வேண்டிய 2008 வரும். அதற்குள் கை பழக்கத்தில் ஒருமுறை கூடுதலாக அழுத்திவிடும்.

இது ஒரே ஒரு நாளுக்கு. 1 முதல் 10593 வரை எல்லா நாள்களையும் சோதிக்க நினைத்தால்? தவறு திருத்தப்பட்ட நிரல், அந்த மூன்றாம் படியை மொத்தம் 148,310 முறை கடக்கும். அத்தனை முறை எஃப்5 அழுத்த யாருக்கும் பொறுமை இருக்காது.

‘இப்படி இருந்தால் மட்டும் நில்’

இங்கேதான் நிபந்தனை வருகிறது. சிவப்புப் புள்ளியின்மேல் வலது சொடுக்கு செய்து, நிபந்தனையை எழுதும் பெட்டியைத் திறந்து, ‘நாள்கள் == 366’ என்று எழுதுங்கள். புள்ளிக்குள் ஒரு சமக்குறி தோன்றும். இனி நிரல் அந்த வரிக்கு வரும்போதெல்லாம் டீபக்கர் நிபந்தனையைச் சரிபார்க்கும். அது உண்மையானால் மட்டும் நிறுத்தும். பைத்தான் 3-இல் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம் என்பதால், மேலே உள்ள நிபந்தனையை அப்படியே எழுதினாலும் வேலை செய்யும்.

10593-ஐக் கொடுத்து ஓட்டுங்கள். இப்போது முதல் நிறுத்தமே 2008-இல்தான். நாள்கள் 366. எஃப்5 அழுத்துங்கள். மீண்டும் 2008, மீண்டும் 366. இன்னொரு முறை அழுத்தினாலும் அதேதான். ஒரு மதிப்பும் மாறாமல் நிரல் அதே வரிக்குத் திரும்புகிறது. முடிவில்லாச் சுழற்சி கையும் களவுமாகப் பிடிபட்டது.

சோதிக்கும் கருவியை யார் சோதிப்பது?

இப்போது முக்கியமான கேள்விக்கு வருவோம். புள்ளி வைத்தீர்கள், நிபந்தனை எழுதினீர்கள், ஓட்டினீர்கள். நிரல் எங்கேயும் நிற்கவில்லை. என்ன முடிவுக்கு வருவீர்கள்? ‘அப்படியானால் நாள்கள் ஒருபோதும் 366 ஆகவில்லை’ என்றா?

அறிவியல் கூடத்தை நினைத்துப் பாருங்கள். ஓர் உணவில் மாவுச்சத்து இருக்கிறதா என்று அறிய அயோடின் கரைசலை விடுகிறோம். கருநீல நிறம் வரவில்லை. மாவுச்சத்து இல்லை என்று எழுதிவிடலாமா? அந்த அயோடின் கரைசல் பழையதாகி வீரியம் இழந்திருந்தால்? எனவே முதலில் அதை ஒரு பருக்கைச் சோற்றின்மேல் விட்டுப் பார்க்கிறோம். நிறம் மாற வேண்டும். வெறும் தண்ணீரிலும் விட்டுப் பார்க்கிறோம். நிறம் மாறக்கூடாது. இந்த இரண்டும் சரியாக வந்த பிறகுதான் கரைசல் சொல்வதை நம்புகிறோம். இவற்றைக் கட்டுப்பாட்டுச் சோதனைகள் என்கிறோம்.

நிபந்தனையுள்ள நிறுத்தப்புள்ளியும் அந்த அயோடின் கரைசலைப் போன்றதுதான். நிற்க வேண்டிய இடத்தில் நிற்கிறதா, நிற்கக்கூடாத இடத்தில் நிற்காமல் இருக்கிறதா என்று இரண்டையும் பார்க்க வேண்டும். நமது நிரலுக்கு இப்படிச் செய்யலாம்.

முதல் சோதனை: 366 என்ற எண்ணைக் கொடுங்கள். அது 1980 டிசம்பர் 31. முதல் சுற்றிலேயே நிற்க வேண்டும். நிற்கிறது.

இரண்டாம் சோதனை: 10592 கொடுங்கள். அது 2008 டிசம்பர் 30. நிற்கக்கூடாது. நிற்கவில்லை.

மூன்றாம் சோதனை: 10594 கொடுங்கள். அது 2009 ஜனவரி 1. நிற்கக்கூடாது. நிற்கவில்லை.

நான்காம் சோதனை: 10228 கொடுங்கள். அது 2008 ஜனவரி 1. இந்த நாளில் எந்தக் கோளாறும் இல்லை; நிற்கக்கூடாது. ஆனால் நிற்கிறது!

ஏன்? 2006 வரையிலான நாள்களைக் கழித்தபின் ஆண்டு 2007, மிச்சம் 366. நமது நிபந்தனை உண்மையாகிவிட்டது. ஆனால் 2007 லீப் ஆண்டு இல்லை. அடுத்து 365 கழிக்கப்பட்டு நிரல் ஒழுங்காக முடிகிறது. அதாவது, நமது நிபந்தனை கோளாறுள்ள நாளோடு கோளாறில்லாத நாளையும் சேர்த்துப் பிடிக்கிறது. ‘நாள்கள் 366 ஆக இருக்க வேண்டும், ஆண்டும் 4-ஆல் மீதியின்றி வகுபட வேண்டும்’ என்று இரண்டையும் இணைத்து எழுதினால்தான் நாம் தேடுவது மட்டும் கிடைக்கும். (2100-ஆம் ஆண்டு 4-ஆல் வகுபட்டாலும் லீப் ஆண்டு அல்ல. நாம் பார்க்கும் 1980 முதல் 2008 வரை அந்தச் சிக்கல் இல்லை.)

நான்காம் சோதனையைச் செய்யாமல் விட்டிருந்தால், தவறில்லாத இடத்தில் தவறு தேடிக்கொண்டிருப்போம்.

சத்தமில்லாமல் ஏமாற்றும் நிபந்தனைகள்

தேவையில்லாமல் நிற்கும் புள்ளி எரிச்சலூட்டும். ஆனால் கண்ணுக்குத் தெரியும். நிற்காமலே போகும் புள்ளிதான் ஆபத்தானது. அது ‘எல்லாம் சரி’ என்று சொல்வதுபோல் அமைதியாக இருக்கும். மாணவர்கள் அடிக்கடி எதிர்கொள்ளும் சில வகைகள் இவை.

ஒன்று, எல்லை தவறுவது. ‘நாள்கள் == 366’ என்பதற்குப் பதிலாக ‘நாள்கள் > 366’ என்று எழுதினால், 10593-க்கு நிரல் 28 முறை நிற்கும்; 29-ஆவது சுற்றில், உண்மையான கோளாறு நிகழும் இடத்தில், நிற்காது. நிரலை எழுதியவர் எந்த எல்லையில் சறுக்கினாரோ, அதே எல்லையில் தேடுபவரும் சறுக்கிவிடுகிறார்.

இரண்டு, எண்ணுக்கும் எழுத்துக்கும் உள்ள வேறுபாடு. 366-ஐ மேற்கோள்குறிக்குள் எழுதினால் பைத்தான் அதை எழுத்துச்சரமாக எடுத்துக்கொள்ளும். எண் 366-உம் எழுத்துச்சரம் 366-உம் சமமல்ல. பிழைச் செய்தி எதுவும் வராது. நிரலும் நிற்காது.

மூன்று, தசம எண்கள். 0.1-ஐப் பத்து முறை கூட்டினால் 1 வரும் என்பது கணிதம். பைத்தானில் கூட்டிப் பாருங்கள்: 0.9999999999999999 வரும். கணினி எண்களை இரும எண்முறையில் வைப்பதால் 0.1-ஐத் துல்லியமாக வைக்க முடிவதில்லை. எனவே ‘மொத்தம் == 1.0’ என்ற நிபந்தனை அங்கே உண்மையாகாது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு 0.001-ஐவிடக் குறைவா என்று கேட்பதே சரி.

நான்கு, ஒற்றைச் சமக்குறி. சி மொழி நிரல்களுக்குப் பயன்படும் ஜிடிபி என்ற டீபக்கரில் ‘நாள்கள் = 366’ என்று நிபந்தனை எழுதினால், அது கேள்வி அல்ல, கட்டளை. மாறியின் மதிப்பையே 366 என்று மாற்றிவிட்டு நிரலை நிறுத்தும். தேடப்போனவரே தடயத்தைக் கலைத்த கதை!

பெயரைத் தவறாகத் தட்டச்சு செய்தாலும் கவனம் தேவை. பைத்தானுடன் வரும் பிடிபி என்ற டீபக்கர், நிபந்தனையைக் கணக்கிட முடியாவிட்டால் பாதுகாப்பாக இருக்கட்டும் என்று ஒவ்வொரு முறையும் நின்றுவிடும். மற்ற கருவிகள் வேறு மாதிரி நடந்துகொள்ளலாம். உங்கள் கருவி என்ன செய்கிறது என்பதை, வேண்டுமென்றே ஒரு தவறான பெயரை எழுதிச் சோதித்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

உள்ளே என்ன நடக்கிறது?

சி போன்ற மொழிகளில் எழுதிய நிரலில் புள்ளி வைத்தால், டீபக்கர் அந்த இடத்தில் உள்ள கட்டளையின் முதல் பைட்டை எடுத்துவிட்டு ஒரு சிறப்பு பைட்டை வைக்கிறது. இன்டெல் வகைச் செயலிகளில் அதன் மதிப்பு 204. செயலி அதைக் கண்டதும் நிரலை நிறுத்திக் கட்டுப்பாட்டை டீபக்கரிடம் கொடுக்கும்.

கவனியுங்கள்: நிபந்தனை இருந்தாலும், வழக்கமாக நிரல் ஒவ்வொரு முறையும் உண்மையிலேயே நிற்கிறது. டீபக்கர் நிபந்தனையைப் பார்த்து, பொய் என்றால் நமக்குத் தெரியாமலே தொடரச் சொல்கிறது. வழியில் ஒவ்வொரு வாகனத்தையும் நிறுத்தி எண்பலகையைப் பார்த்து அனுப்பும் சாலைத் தடுப்பு போல. ஒரு வாகனத்தைத்தான் தேடுகிறார்கள். ஆனால் எல்லாருக்கும் தாமதம்.

எனவே பல இலட்சம் முறை ஓடும் வரியில் நிபந்தனை வைத்தால் நிரல் மெதுவாகும். சில நிரல்களில் இந்தத் தாமதமே விளைவை மாற்றிவிடும். சிறிதளவு வெந்நீரில் குளிர்ந்த வெப்பமானியை வைத்தால் நீரின் வெப்பநிலையே சற்றுக் குறைவதுபோல, பார்க்கும் செயலே பார்க்கப்படுவதை மாற்றுகிறது. இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் போட்டியிட்டு ஓடும் நிரல்களில், டீபக்கரை இணைத்தவுடன் பிழை மறைந்துவிடுவது உண்டு. அதற்கு ‘ஹைசன்பக்’ என்று நிரலாளர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள்.

செய்து பாருங்கள்

மேலே உள்ள ஐந்து படிகளைப் பைத்தானில் எழுதுங்கள். முதலில் தவறோடு எழுதி, நான்கு சோதனைகளையும் செய்யுங்கள். பிறகு நான்காம் படியைத் திருத்துங்கள்: லீப் ஆண்டில் நாள்கள் 366-ஐவிட அதிகமாக இல்லை என்றால் சுழற்சியை விட்டு வெளியேறு.

இனி 10593-ஐக் கொடுத்தால் நிறுத்தப்புள்ளி ஒரே ஒரு முறை நிற்க வேண்டும். எஃப்5 அழுத்தியதும் நிரல் முடிய வேண்டும். திருத்திய பிறகு அது அறவே நிற்காமல் போனால் மகிழ்ச்சி அடையாதீர்கள். புள்ளி வேறு வரிக்கு நகர்ந்துவிட்டதா என்று பாருங்கள்.

கடைசியாக, 1 முதல் 10593 வரை எல்லா நாள்களையும் ஓட்டுங்கள். ஆனால் ஓட்டுவதற்கு முன், எத்தனை முறை நிற்கும் என்று தாளில் எழுதி வையுங்கள். ‘நாள்கள் == 366’ என்று மட்டும் எழுதினால் 29 முறை நிற்கும்: லீப் ஆண்டுகளின் கடைசி நாள்கள் 8, சாதாரண ஆண்டுகளுக்கு அடுத்து வரும் ஜனவரி முதல் நாள்கள் 21. லீப் ஆண்டு நிபந்தனையையும் சேர்த்தால் 8 முறை மட்டும் நிற்கும்.

உங்களுக்கு 7 அல்லது 9 வந்தால், நிரலைத் திருத்தப் போகுமுன் நிபந்தனையை ஒருமுறை படியுங்கள். 8 வந்தால், அந்த 148,310 சுற்றுகளையும் உங்கள் சார்பில் ஒரு சிவப்புப் புள்ளி ஒழுங்காகப் பார்த்திருக்கிறது என்று நம்பலாம்.